ஸ்கூல் வயித்துவலி

மகிழாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த வலிமானி முதல் தடவை ஒலித்தபோது, ஹேமலதா பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இது என்ன வலி?" என்று அது கேட்டது. உடம்பின் வலியை உணர்ந்து, அது என்ன வலி என்று வீட்டாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும் கருவி அது. "ஸ்கூல் வயித்துவலி" என்று சொல்லிவிட்டு, மகளுக்குச் சடை பின்னி அனுப்பினாள்.

அதன்பிறகு அது யாரிடமும் கேட்கவே இல்லை. மகிழா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும்போதெல்லாம் ஹேமலதாவின் குரலிலேயே பேசியது. "ஸ்கூல் வயித்துவலிதான் கண்ணு. கிளம்பு, கிளம்பு." பக்கத்து மெஷினில் தைப்பவளிடம் ஹேமலதா சிரித்துக்கொண்டே சொன்னாள், "நான் கத்தவே வேண்டியதில்லக்கா. அதுவே மெரட்டி அனுப்பிப்போடுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் கண்கள் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "பித்தக்குழாய் பிறவியிலேயே பை மாதிரி வீங்கியிருக்கும்மா. அபூர்வமா சில குழந்தைங்களுக்கு இப்படி இருக்கும். ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம். ஆனா ரொம்ப நாளா வலிச்சிருக்குமே, பாப்பா சொல்லலையா?"

ஹேமலதா மகளின் மணிக்கட்டிலிருந்த வலிமானியை அவிழ்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மகிழா முந்திக்கொண்டாள். கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளையின் பெருமை அந்த மஞ்சள் முகத்தில் இருந்தது.

"இதுக்குப் பேரு ஸ்கூல் வயித்துவலிங்க டாக்டர். லீவு நாள்லயும் வரும். அம்மாதான் கண்டுபிடிச்சாங்க."