மீதி எண்பத்து நான்கு

“மூக்கு உன்னோடதா, பக்கத்து வீட்டுக்காரியோடதா? இவ்வளவு அலட்சியமா இருக்கியே!”

நர்ஸ் அந்த மருந்து பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். மூக்கில் அடிக்கும் மருந்து. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதில் ஓர் எண் குறையும். நூற்றிருபதில் தொடங்கியது எண்பத்து நான்கில் நின்றிருந்தது.

“காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒன்பது நாள்தான் அடிச்சிருக்கே. மீதி இருபத்தோரு நாள் என்ன பண்ணினே?”

மெத்தைக் கடையில் தலையணைக்குப் பஞ்சு அடைக்கும் அந்தப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்ச காலம் இப்படியே விட்டா உயிருக்கு ஒண்ணும் ஆகாதே, சிஸ்டர்?”

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் அலமாரியில் இருந்த கடைசி பாட்டிலை இவளுக்கென்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

“டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! சிலருக்குக் குளிர்காத்து ஆகாது. சிலர் கடையில சொட்டு மருந்து வாங்கி வருஷக்கணக்கா விட்டே கெடுத்துக்கறாங்க. உனக்குப் பஞ்சுத் தூசி. ஏழு வருஷமா உள்ளே வீங்கிக் கிடக்கு. மருந்தடிச்சா வாசனை தெரியும்னாரா இல்லையா?”

“தெரிஞ்சுது, சிஸ்டர். எட்டாம் நாள்.”

“தெரிஞ்சுதா?”

“என் பொண்ணுக்கு ஆறு வயசு. அன்னிக்குத்தான் அவ தலையை முதல் தடவையா மோந்து பாத்தேன். விடவே மனசில்லை. ‘போதும்மா, கூசுது’ன்னு ஓடிட்டா.”

“அதுக்கப்புறமுமா நிறுத்தினே? உன்னை என்ன சொல்றது!”

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

“மாமியார் மூணு வருஷமாப் படுக்கையில. எல்லாமே படுக்கையிலதான். பெத்த பொண்ணுங்களே கதவோரம் நின்னு பேசிட்டுப் போயிடுவாங்க. நான்தான் துடைச்சு விடுவேன். ‘நீ ஒருத்திதாண்டி முகம் கோணாம பாக்கறே’ன்னு எப்பவும் சொல்வாங்க.”

“சரி...”

“ஒன்பதாம் நாள் துணி மாத்தறப்ப, என்னையறியாம முகத்தைத் திருப்பிட்டேன். ஒரு நொடிதான். அத்தை பாத்துட்டாங்க.”

“திட்டினாங்களா?”

“திட்டியிருந்தா தேவலையே. ராத்திரி சாப்பாடு வேணாம்னாங்க. மறுநாளும் வேணாம். அதுக்கப்புறமும் ரொம்பக் கெஞ்சினா ரெண்டு வாய் கஞ்சி, ரெண்டு வாய் தண்ணி, அவ்வளவுதான். கேட்டா, பசிக்கலைம்மான்னு சிரிக்கறாங்க. ஒண்ணும் உள்ளே போகலைன்னா, நான் துடைக்கவும் வேண்டாமேன்னுதான்!”

அட்டையில் ‘மருந்தைச் சரியாக எடுக்கவில்லை’ என்று எழுத ஆரம்பித்திருந்த நர்ஸின் கை நின்றது.

“அன்னிக்கே மருந்தை நிறுத்திட்டேன், சிஸ்டர். மூக்கு பழையபடி அடைக்கப் பத்து நாளாச்சு. அப்புறமும் துணி மாத்தறப்பல்லாம் என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நேத்துதான் நம்பி, ஒரு டம்ளர் பாலை முழுசாக் குடிச்சாங்க.”