கதவுக்கு வெளியே நிற்பவன்

இயக்குநர் காட்சியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல், விடுதியின் விளம்பரத்தில் இருந்த அதே நீலத்தில் கிடந்தது. கதாசிரியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையைப் பிடித்திருந்தான்; அவள் பக்கம் திரும்ப அவனால் முடியவில்லை.

கதையும் இதுபோன்ற ஒரு சொகுசு விடுதியில்தான் நடக்கிறது. நாயகி நீராவி அறைக்குள் மாட்டிக்கொள்கிறாள். வெளியே கணவன். ‘வேகம் இருக்கு, பயம் இல்ல’ என்று இயக்குநர் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்த காட்சி.

இங்கே வந்து எழுதினால் சரியாக வரும் என்று அறை போட்டுக் கொடுத்தார்கள். மனைவியையும் கூட்டி வந்திருந்தான்.

நேற்று மாலை, இங்குள்ள நீராவி அறையில் அவளே மாட்டிக்கொண்டாள். கனத்த மரக்கதவு இறுகிவிட்டது. அவன்தான் இழுத்துத் திறந்தான். வெளியே வந்தவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“நல்லவேளை, நீங்க வந்தீங்க.”

காலையில் அவள் கண் விழிப்பதற்குள் அவன் காட்சியை எழுதி முடித்திருந்தான்.

இயக்குநரின் குரல் தாழ்ந்தது. முதலில் உள்ளங்கையால் படபடவென்று தட்டுகிறாள். பிறகு முஷ்டியால். பிறகு சத்தமே இல்லை. அப்புறம் கதவின் இரும்புக் கைப்பிடியில் மோதிரத்தால் ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு தட்டு. வெளியே அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பவனின் விரல்களில் அது லேசாக அதிர்கிறது.

காகிதங்களை மேசையில் வைத்தார்.

“யோவ், உடம்பு சிலிர்த்துப்போச்சுய்யா. அந்த இடைவெளி இருக்கே, அதுதான் படம். எங்கய்யா புடிச்ச இத?”

“சும்மா... தோணுச்சு சார்.”

சிரிக்கப் பார்த்தான். வாய்தான் கோணியது.

மனைவி அவன் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள். விரலில் இருந்த மோதிரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மோதிரத்தால தட்டுனத நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே.”

இயக்குநர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் கோபப்படவில்லை. குழந்தையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“எவ்வளவு நேரம் நின்னீங்க?”