ஒரு மிளகு வாடகை

"வாடகை, கண்ணு" என்று கையை நீட்டினார் கீழ் வீட்டு வில்ஃப் ஹெட்லி.

பெத்தனி இடுப்பில் குழந்தையோடு உள்ளே போய், டப்பாவிலிருந்து ஒரே ஒரு மிளகை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வருஷத்துக்கு ஒரு மிளகு. பேருக்கு ஒரு வாடகை வேண்டுமே என்று குத்தகைப் பத்திரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் வால்சென்டில் அந்தத் தெரு முழுக்க இதே ஏற்பாடுதான். மேல் வீட்டு மனைக்குச் சொந்தக்காரர் கீழே இருப்பவர். கீழ் வீட்டு மனைக்குச் சொந்தக்காரர் மேலே இருப்பவர். இரண்டு பேருமே குத்தகைக்காரர்கள், இரண்டு பேருமே வீட்டுக்காரர்கள். ஆனால் மிளகை யாரும் கேட்பதில்லை. வில்ஃப் மட்டும்தான் புத்தாண்டு தவறாமல் படியேறி வருவார். தன் பங்குக்கு ஒரு மிளகைக் கொடுத்துவிட்டும் போவார்.

இந்தத் தடவை பெத்தனி அவரைப் போக விடவில்லை.

"வில்ஃப், என் குத்தகையை நீட்டணும். அவர் போயிட்டார் இல்லையா, வீட்டுக் கடனை என் பேருக்கு மாத்தணும். மிச்சம் இருக்கிற வருஷம் போதாது, நீட்டினாத்தான் தருவோம்கிறாங்க பேங்க்ல. இல்லேன்னா வீட்டை விட வேண்டியதுதான். நீங்க கையெழுத்துப் போடணும்."

வில்ஃப் மிளகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சும்மா போட மாட்டேன்."

"சும்மா போடுங்கன்னு நானும் கேக்கல. என்ன வேணும், சொல்லுங்க."

புருஷன் போனதிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. போன வாரம் வில்ஃப் கொண்டுவந்த ஹாம் சாண்ட்விச்சைக்கூட, "சாப்பிட்டாச்சு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். சாப்பிட்டிருக்கவில்லை.

"எனக்கும் நீட்டணும். என் வீட்டுக்கு நீதானே வீட்டுக்காரி? முதல்ல நீ எனக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷம் குடு. அப்புறம் நான் உனக்குத் தரேன்."

விஷயத்தைக் கேட்ட அக்கா கார்லி கொதித்தாள்.

"எண்பத்திரண்டு வயசுல ஆயிரம் வருஷம் கேக்குதாக்கும். செத்த பிறகும் மிளகு வசூலிக்க வருவாரோ என்னவோ. கைக்குழந்தைக்காரின்னு ஒரு இரக்கம் வேண்டாம்?"

"இரக்கம் எனக்கு எதுக்கு? அவர் கேக்கறார், நான் குடுக்கறேன். நான் கேக்கறேன், அவர் குடுக்கறார்."

"போடி பைத்தியமே. முதல்ல நீ போடணுமாம், பிறகு அவராம். உன் கையெழுத்தை வாங்கிட்டு அவர் மாட்டேன்னுட்டா?"

பெத்தனிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் போனாள், இருக்கிறதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு.

வக்கீல் மிஸஸ் ஓர்ட் பத்திரத்தை நீட்டினாள். பெத்தனி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வில்ஃப் பேனாவை வாங்கி, அவளுடைய பத்திரத்தில் போட்டார்.

பெத்தனிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கொஞ்சம் மிடுக்கும்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷம் குடுத்திருக்கேன், வில்ஃப். வீட்டை நல்லபடியா வச்சுக்கணும்."

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். "சரிங்கம்மா."

சிரித்துவிட்டாள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்தும்வரை பொறுத்திருந்தாள் மிஸஸ் ஓர்ட்.

"மிஸ்டர் ஹெட்லி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலயே, மேல் வீட்டுல பழைய ஆள் இருக்கும்போது, இதே மேஜையில உங்களுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷம் எழுதியாச்சு. மறந்துட்டீங்களா?"

"நல்லா ஞாபகம் இருக்கே."

"அதுல பன்னிரண்டுதான் கழிஞ்சிருக்கு. அப்போ இன்னைக்கு இந்தப் பொண்ணுகிட்ட நீங்க வாங்கினது வெறும் பன்னிரண்டு வருஷம். அதுவும் ஆயிரம் வருஷம் கழிச்சு வரப்போற பன்னிரண்டு வருஷம். அதுக்கு எனக்கு ஒரு ஃபீஸ் வேற."

வில்ஃப் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்க்காற்றில் தலை நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தாள் அவருடைய வீட்டுக்காரி.

"ஒரு சாண்ட்விச்சையே சும்மா வாங்காத பொண்ணு, மிஸஸ் ஓர்ட். வீட்டைக் குடுத்தா வாங்கிப்பாளா?"