மினுங்கும் செருப்பு

பூங்குழலியின் தோளில் மகன் அனலாய்க் கொதித்தான். சாலையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஆனால் ஜீப்ரா கோட்டின் மஞ்சள் விளக்கு இன்று செத்துக் கிடந்தது. கோட்டில் ஆள் கால் வைத்ததும் விளக்கு மினுங்கும், வண்டிகள் அப்படியே நின்றுவிடும். ஊர் அப்படித்தான் பழகியிருந்தது. விளக்கைப் பார்த்தார்களே தவிர, ஆளைப் பார்ப்பதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்து மனிதர்களைப் போலக் கையை நீட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் காரில் வந்தவன் சிரித்த முகமாக அவளுக்கு டாட்டா காட்டிவிட்டு, வேகம் குறையாமல் உரசிக்கொண்டு போனான். தடுமாறிப் பின்னால் வந்தாள்.

“கொஞ்சம் பொறும்மா, ரிப்பேர் பண்ண வருவாங்க,” என்றார் பக்கத்தில் நின்றவர்.

தோளில் பிள்ளையின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

“வலிப்பு வந்துடுச்சுங்க! எப்படிப் பொறுக்கறது?”

உதைத்துக்கொண்ட அவன் கால் அவள் இடுப்பில் பட்டபோது, அடி வாங்கினால் விளக்கு எரியும் அந்தக் குட்டிச் செருப்பு மஞ்சளாக மினுங்கியது. வெடுக்கென்று அதைக் கழற்றினாள். ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையால் செருப்பைத் தன் தலையிலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

எல்லா வண்டிகளும் நின்றன.

லாரிக்காரன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

“நல்லவேளைக்கா, செருப்பு மினுங்குச்சு. இல்லாட்டி அங்க ஆள் வர்றதே தெரிஞ்சிருக்காது.”