சம்பத்தைக் கூப்பிட்டது யார்?

"இந்தக் கைப்பட்டையை வந்து எடுத்துக்கினு போம்மா. ஆளே இல்லாத எடத்துலேர்ந்து யாரோ என்னைக் கூப்புடுறாங்க."

புத்தூர் தையல்காரன் சம்பத், திருப்பதியில் இருக்கும் ஹரிப்ரியாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்தான்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவன் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான்.

காது கேளாதவர்களுக்குக் கருவி செய்கிறவள் ஹரிப்ரியா. என்ன சத்தம் தெரிய வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, மற்றவர்கள் லாரி ஹாரன், குக்கர் விசில் என்றார்கள். இவன் மட்டும், யாராவது என் பேரைச் சொன்னால் தெரியணும் என்றான். அப்படியே செய்து கொடுத்தாள். யார் 'சம்பத்' என்றாலும் பட்டை அதிரும்.

சோதித்துப் பார்க்க, அவன் மனைவி தாட்சாயணியிடம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். கட்டினவன் பேரைச் சொல்வதாவது?

சம்பத்துக்குச் சுருக்கென்றது. வசதியில்லாத வீட்டிலிருந்து தன் தலையில் கட்டப்பட்டவள், கடமைக்குக் குடித்தனம் நடத்துகிறாள் என்பது அவனுடைய நெடுநாள் குறை. வேலை என்றால் தோளைத் தட்டுவாள், அதோடு சரி.

பட்டை கட்டிய வாரமே ஆரம்பித்தது. தையல் மிஷினில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பட்டை அதிரும். திரும்பினால் வேற்றாள் யாரும் இல்லை. தாட்சாயணி மட்டும் வாயைத் திறக்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். சுவர்ப் பக்கம் திரும்பியதும் மறுபடி அதிரும். பயந்துவிடுவாளே என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

எதிர்வீட்டு ஜெயம்மாவிடம்தான் சொன்னான். அவள் மாரில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாதான்டா. செத்து வருசம்கூட ஆவல. பேரைச் சொல்லிக் கூப்புடுறான்னா, உன்னையும் கூட்டிக்கினு போவத்தான்."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாதானே, போனால்தான் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குப் பயந்துதான் ஹரிப்ரியாவுக்கு அந்த வாட்ஸ்அப்பை அனுப்பினான்.

ஹரிப்ரியா வருகிற அன்று, கண்ணாடி முன் நின்று தலை வாரினான். பட்டை அதிர்ந்தது.

திரும்பத் தைரியம் வரவில்லை. சீப்பு பிடித்த கை அப்படியே நிற்க, கண்ணாடிக்குள் பார்த்தான்.

பின்னால், முறத்தோடு தாட்சாயணி. அவள் உதடு அசைந்தது.

சம்பத்து.

பட்டை அதிர்ந்தது. திரும்புகிறானா என்று எட்டிப் பார்த்தாள். மறுபடியும், சம்பத்து. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்தப் பேரை உதடு சொன்ன விதம், இன்று நேற்றுப் பழகியதாகத் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். இப்போதுதான் அவன் திரும்புகிறான்.

ஒன்றும் அறியாதவனாகத் திரும்பினான். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு அரிசியைப் பார்த்தாள்.

வாசலுக்கு வந்துவிட்ட ஹரிப்ரியா, பட்டையைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள். சம்பத் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா. எங்க வூட்டுப் பேய்தான். கூப்புட்டுக்கினே இருக்கட்டும்."