வேர்வை போதலை

"வேர்வை கம்மியா இருக்கு சார். அடுத்த வாரம் வாங்க, மறுபடி எடுக்கலாம்."

குழந்தையின் கையில் அரை மணி நேரம் கட்டியிருந்த காஸ் துணியைப் பிரித்து, சோதிக்காமலே குப்பைக் கூடையில் போட்டாள் லேப் ரேவதி.

இளவரசனுக்குச் சுர்ரென்றது.

"விளையாடறீங்களா? கிரிவலக் கூட்டத்துல ஆட்டோ கிடைக்காம பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பிள்ளையைத் தூக்கிட்டு நடந்து வந்தோம். என் சட்டையே நனைஞ்சு கிடக்கு. இவனுக்கு வேர்க்கலையாம்!"

"ஸாரி சார்."

"நான் சயின்ஸ் வாத்தியார்மா. ஒரு சாம்பிள் எடுக்கத் தெரியாம என்ன லேப் நடத்தறீங்க?"

"விடுங்க, வந்துக்கலாம்" என்றாள் மனைவி இனியா.

"நீ சும்மா இரு. தாயத்து கட்டணும், மந்திரிக்கணும்னு நின்னவதானே நீ?"

இனியா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு வயது ஆதவனுக்கு ஓயாத சளி, எடையும் ஏறவில்லை. வேர்வையில் உப்பு அளவுக்கு மீறி இருந்தால் அது ஆயுசுக்கும் விடாத நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தோடு இன்னும் ஒரு வாரம்.

அடுத்த வாரம் ரேவதியே ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"பதினாறுதான் சார். முப்பதுக்குள்ள இருந்தா நார்மல். டாக்டர்கிட்ட காட்டிடுங்க, பயப்படாதீங்க."

இனியா குழந்தையின் கன்னத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இளவரசனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாத்தியார்களுக்கென்று ஒரு குரல் உண்டு. கண்ணீர் காய்வதற்குள் அது திரும்பிவிடும்.

"பார்த்தியா இனியா, இதான் சயின்ஸ்! போன வாரமே இவங்க ஒழுங்கா எடுத்திருந்தா நமக்கு ஏழு நாள் தூக்கம் மிச்சமாயிருக்கும்."

"தப்புதான் சார்" என்றாள் ரேவதி.

அவர்கள் படியிறங்கும் வரைதான் பக்கத்து மேசை பூஜாவால் பொறுக்க முடிந்தது.

"ஏங்க்கா, போன வாரம் அந்தத் துணி நல்லாத்தானே நனைஞ்சிருந்துச்சு? எதுக்குப் பொய் சொல்லிட்டு அந்தாளுகிட்ட திட்டு வாங்கறீங்க?"

"நெசத்தைச் சொன்னா அந்தம்மா எதிர்ல சார் எப்படிடி தலை நிமிருவாரு? அவங்க தண்ணி பிடிக்க வெளியே போன நேரத்துல, பாக்கெட்டுலேர்ந்து கல்லுப்பு எடுத்து, பிள்ளைக்கு மூணு சுத்து திருஷ்டி சுத்திட்டு, அதே உப்புக் கையால அந்தத் துணிக்கட்டையும் அவுத்துக் கட்டினாரே!"