பரணில் காயும் துணி

"மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிரு. ஆறிப்போனா கசப்பு தாங்காது."

மாமியார் செல்லம் தகரக் குவளையை சாரதாவின் முன்னால் நகர்த்தினாள். உள்ளே கறுப்பாகக் கஷாயம். வெளியே மழை. மூடுபனியில் தேயிலைக் காடே தெரியவில்லை. வேலையை நிறுத்திவிட்டதால் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லாக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. இப்படி ஒரு பொழுதுக்குத்தான் செல்லம் காத்திருந்தாள்.

சாரதா குவளையைத் தொடவில்லை. "வயித்துல ஒண்ணும் இல்ல அத்த. எத்தன தடவ சொல்றது?"

"ஒண்ணும் இல்லாமத்தான் பானையாட்டம் ஊதிக்கிட்டு நிக்குதா? காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நாலு பெத்தவ நான். புள்ளத்தாச்சி காலு எனக்குத் தெரியாதா?"

"சோறு இல்லாத வீக்கம் இது. வெறும் மரவள்ளியவே தின்னா..."

"வாய மூடுடி! என் மகன ஜப்பான்காரன் லோரியில ஏத்தி, ரயில் ரோடு போட சயாமுக்குக் கொண்டுபோயி வருசம் ஒண்ணு ஓடிப்போச்சு. நீ என்னடான்னா கணக்கெழுதுற கிராணியோட காய்கறித் தோட்டத்துக்குப் போற. வர்றப்ப மடி நெறைய சக்கரவள்ளி. சும்மாவா குடுக்கிறான்?"

"களையெடுத்த கூலி. நீங்களும்தான அவிச்சுத் தின்னீங்க?"

செல்லத்தின் முகம் சுண்டியது. தின்றது உண்மை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"சரி, நீ உத்தமியாவே இரு. நாலு மாசமா ஏன் தூரம் குளிக்கல?"

"பசியில நின்னுபோச்சு."

"அப்படியா? அண்ணாந்து பாரு!"

பார்க்காமலே அங்கே என்ன இருக்கிறது என்று சாரதாவுக்குத் தெரியும். மலைக்குக் கீழே ரிங்லெட் ஊரிலிருந்து ஜப்பான் சிப்பாய்கள் மேலே வர ஆரம்பித்த நாளிலேயே, வயசுக்கு வந்த மகள் அஞ்சலையின் தலைமுடியை ஒட்ட வெட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள் செல்லம். ஏணியடியில் அவளே காவல். கொல்லைக்குப் போவதென்றாலும் தாய் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பரண் கயிற்றில், கசக்கிப் போட்ட சாக்குத் துணி ஒன்று நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவளும் அதே மரவள்ளியத்தான திங்கிறா? ஒனக்குப் போடறதுல பாதிதான் அவளுக்கு. மாசம் தவறாம துணி காயுதில்ல? பசியில நிக்கிறதுன்னா மொதல்ல அவளுக்குல்ல நிக்கணும்!"

அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்துத் தன் உடம்பின் மேலேயே சாரதாவுக்குச் சந்தேகம் வந்திருந்தது. சிப்பாய்கள் குளித்த ஆற்றில் இறங்கினாலே கரு தங்கிவிடும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளும் அந்த ஆற்றில்தான் துணி துவைத்தாள். அப்படி ஏதாவது இருக்குமோ?

"இதத்தான அத்த அம்மாக்கண்ணுக்கும் காய்ச்சிக் குடுத்தீங்க?" என்றாள் மெல்ல.

அம்மாக்கண்ணு பக்கத்து லயத்துக்காரி. அவள் புருஷனும் சயாமில். அவளுக்கும் வயிறு ஊதியது. குடித்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. யார் பிள்ளை, யார் பிள்ளை என்று கேட்ட ஊர், பிணத்தைத் தூக்க வரவில்லை.

"அவ முத்தவிட்டுக் குடிச்சா, செத்தா. ஒனக்கு இன்னும் முத்தல."

"பொணத்தக் கழுவுன ரெண்டு கெழவிங்களும் கரு ஒண்ணுமே விழலன்னாங்களே?"

"உள்ளயே கரைஞ்சிருக்கும். இந்த மருந்தோட கொணம் அது." செல்லம் துளியும் தயங்கவில்லை. "குடி. இல்ல, மழையோட மழையா எறங்கி ரிங்லெட்டுக்கு நட. சிப்பாய்ங்க கேம்புல ஒனக்கு நல்லாவே சோறு போடுவானுங்க."

சாரதாவுக்குப் போக இடமில்லை. தாயும் தகப்பனும் போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்திருந்தார்கள். அவள் குவளையை எடுத்தாள். கசப்பு வாடை மூக்கில் ஏறியது. உதட்டில் வைத்தாள்.

பரண் பலகை கிறீச்சிட்டது. அஞ்சலை ஏணியில் இறங்கவில்லை, குதித்தாள். குதித்த வேகத்தில் குவளையைத் தட்டிவிட்டாள்.

"அடிப் பாவி! என்னடி பண்ண?"

அஞ்சலை கையிலிருந்த ஈரத்துணியை அம்மாவின் மடியில் எறிந்தாள். "விரிச்சுப் பாரு. கறை இருக்கா? வெறுந்துணிம்மா. தண்ணியில நனைச்சுப் போட்டது. தீவாளிக்கு முந்தியே எனக்கு நின்னுபோச்சு."

செல்லம் துணியை விரித்தாள். திருப்பினாள். பரணை விட்டுத் தனியாக இறங்காத பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பாவாடை இறுக்கத்தில் அவளுக்கும் வயிறு தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்ப எதுக்குடி மாசாமாசம் இந்தத் துணிய..."

"அம்மாக்கண்ணு அக்காவுக்குக் காய்ச்சின மாதிரி எனக்கும் காய்ச்சிருவியோன்னு பயந்துக்கிட்டுத்தான்."

செல்லம் மகளின் காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. சாரதாவின் காலை இழுத்து அழுத்தினாள். அதே குழி. பிறகு, தூரம் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்ட தன் காலையும் அழுத்திப் பார்த்தாள். அங்கேயும் அதே குழி.

கொட்டிய கஷாயத்தை மண் தரை உறிஞ்சி முடித்தது. செல்லம் கேட்டது மகளைப் பற்றியும் இல்லை, மருமகளைப் பற்றியும் இல்லை.

"அப்ப, அம்மாக்கண்ணு வயித்துல புள்ளையே இல்லையாடி?"